கோப்பிலிருந்து வகுப்புக்கு: புதுக்கோட்டை மாவட்டக் கல்லூரி மாணவர்களின் கொள்கைப் பிரகடனம்

எங்கள் கல்லூரிகளில் மாணவர் பேரவை இருக்கிறது. கோப்பில் இருக்கிறது. கல்லூரிகளுக்குத் தரச்சான்று தரும் நாக் குழு வரும் நாளில் அந்தக் கோப்பு மேசைமேல் ஏறும். மதிப்பீட்டில் பேரவை இயங்குகிறதா, நிர்வாகக் குழுக்களில் மாணவர்கள் இருக்கிறார்களா என்று கேட்பார்கள். பதில் எழுத ஏதாவது வேண்டும். தலைவர் இன்னார், செயலாளர் இன்னார் என்று பட்டியல் டைப் ஆகும். படிக்கட்டில் நிற்கவைத்துக் குழுப்படம் எடுப்பார்கள். தான்தான் பொருளாளர் என்பது அந்தப் படத்துக்குக் கீழே தன் பெயரைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது என்கிறார் எங்களில் ஒருவர். அவர் கையெழுத்திட்ட கணக்கு என்று எதுவும் கிடையாது. எந்தக் கல்லூரி என்று இங்கே எழுதவில்லை. ஒன்றைச் சொன்னால் மற்றவை தப்பித்துக்கொள்ளும்.

வகுப்பு ரெப் எப்படி உருவாகிறார் என்பது எல்லோருக்கும் தெரியும். முதல் வாரத்தில் துறைத்தலைவர் வருவார். பிளஸ் டூவில் யாருக்கு மார்க் அதிகம் என்று கேட்பார். முதல் பெஞ்சிலிருந்து ஒருவர் எழுந்திருப்பார். ‘நீ பார்த்துக்கோ’ என்பார். முடிந்தது தேர்தல். அதன்பிறகு வருகைப் பதிவேட்டை எடுத்துவருவது, பரீட்சைக் கட்டணத்துக்குப் பெயர் எழுதி வாங்குவது, சார் வராத மணியில் ஸ்டாஃப் ரூமில் போய்ச் சொல்வது எல்லாம் அவர் வேலை. அலுவலகத்திலிருந்து வகுப்புக்குச் சேதி கொண்டுவர ஆள் இருக்கிறது. வகுப்பிலிருந்து அலுவலகத்துக்குக் கொண்டுபோகத்தான் இல்லை.

வாக்களிக்கும் வயது 21இலிருந்து 18ஆகக் குறைந்தது 1989இல். அறுபத்தொன்றாவது அரசியல் சட்டத் திருத்தம். இரண்டாம் ஆண்டு பி.ஏ. படிக்கும் ஒரு பெண் அறந்தாங்கிக்கோ கந்தர்வக்கோட்டைக்கோ எம்.எல்.ஏ.வைத் தேர்ந்தெடுக்கிறார். 21 வயதானால் ஊராட்சித் தலைவர் பதவிக்கே நிற்கலாம். கிராம சபையில் எழுந்து தெருவிளக்குக் கணக்கைக் கேட்கலாம். அதே பெண்ணுக்குத் தன் வகுப்பின் ரெப்பைத் தேர்ந்தெடுக்கும் பக்குவம் இன்னும் வரவில்லை என்று முடிவுசெய்தது யார்?

புதுக்கோட்டை மாவட்டத்தின் அரசு, உதவிபெறும், தனியார் கல்லூரிகளில் படிக்கும் நாங்கள் இந்த இயக்கத்தைத் தொடங்குவது ஒரே காரியத்துக்காக. ஒவ்வொரு கல்லூரியிலும் மாணவர் பேரவை ரகசிய வாக்கெடுப்பால் அமைய வேண்டும். அந்தப் பேரவை எழுத்தில் கேட்கும் கேள்விக்கு நிர்வாகம் எழுத்தில் பதில் தர வேண்டும். மற்றதெல்லாம் இதற்கான ஏற்பாடுதான்.

இது புரட்சிகரமான கோரிக்கை என்று யாராவது சொன்னால், அவர்கள் லிங்டோ குழு அறிக்கையைப் படிக்கவில்லை என்று பொருள். முன்னாள் தலைமைத் தேர்தல் ஆணையர் ஜே.எம். லிங்டோ தலைமையிலான குழு 2006 மே மாதம் அறிக்கை தந்தது. அதே ஆண்டு செப்டம்பர் 22 அன்று அதை நடைமுறைப்படுத்தும்படி உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. கல்லூரிகளிலும் பல்கலைக்கழகங்களிலும் மாணவர் பிரதிநிதிகள் தேர்தல் மூலம் வர வேண்டும் என்பதே அதன் அடிப்படை. அமைதியாகத் தேர்தல் நடத்த முடியாத சூழல் உள்ள இடங்களில் மட்டும் தற்காலிகமாக நியமனம் செய்துகொள்ளலாம். ஐந்து ஆண்டுகளுக்குள் அதையும் தேர்தலாக மாற்றிவிட வேண்டும். மார்க்கை மட்டும் பார்த்து நியமிக்கும் வழக்கம் நாடெங்கும் இருக்கிறது, அது நல்லதல்ல என்றும் அந்தக் குழு சொல்லியிருக்கிறது. ஐந்தாண்டு முடிந்தது 2011இல். இப்போது கல்லூரியில் சேருகிறவர்கள் அன்று பால்வாடியில் இருந்தார்கள்.

பல்கலைக்கழக மானியக் குழுவின் விதிகளையும் எடுத்துப் பார்த்தோம். பாலியல் தொல்லைப் புகார்களை விசாரிக்கும் உள்விசாரணைக் குழுவில், மாணவர் தொடர்பான புகார் என்றால் மூன்று மாணவர்கள் இருக்க வேண்டும், அவர்கள் வெளிப்படையான ஜனநாயக முறையில் தேர்ந்தெடுக்கப்பட வேண்டும் என்கிறது 2015ஆம் ஆண்டு விதி. எங்கள் கல்லூரிகளில் அந்தத் தேர்தலில் வாக்களித்தவர்கள் கை தூக்கலாம். 2023இல் வந்த மாணவர் குறைதீர்ப்பு விதியோ வேறு மாதிரி பேசுகிறது. குழுவில் பேராசிரியர்கள் ஐவர். மாணவர் ஒருவர், அதுவும் படிப்பிலோ விளையாட்டிலோ சிறந்தவர் என்று பார்த்து நியமிக்கப்படும் சிறப்பு அழைப்பாளர். புகார் கொடுப்பது மாணவர்கள், அழைக்கப்படுவது ஒரு மாணவர். 2015இன் விதியை உடனே நடைமுறைப்படுத்த வேண்டும், 2023இன் விதியில் அந்த ஒருவரைப் பேரவையே அனுப்ப வேண்டும் என்கிறோம்.

இந்த மண்ணுக்குச் சபை புதிதல்ல. சமஸ்தான காலத்திலேயே, 1924இல், புதுக்கோட்டைக்கு ஒரு சட்டசபை வந்துவிட்டது. முத்துலட்சுமி ரெட்டி மாமன்னர் கல்லூரியில் சேர வந்தபோது பையன்களைப் பெற்றவர்கள் எதிர்த்தார்கள். மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் அனுமதித்தார். அந்த மாணவி பின்னாளில் சென்னை மாகாணச் சட்டசபைக்குத் துணைத் தலைவரானார். அவர் அந்தச் சபைக்குள் போனது நியமன உறுப்பினராகத்தான் என்று எங்களுக்கு நினைவூட்டுகிறவர்கள் உண்டு. உண்மை. ஆனால் துணைத் தலைவர் நாற்காலியில் அவரை உட்காரவைத்தது உறுப்பினர்களின் வாக்கு. அதே கல்லூரியில் படித்த திருமயத்துக்காரர் சத்தியமூர்த்தி மத்திய சட்டசபையின் கேள்வி நேரத்துக்குப் பேர்போனவர். அவருடைய பேச்சாற்றலைச் சொல்லிப் பேச்சுப்போட்டி வைக்கிறோம், கோப்பை கொடுக்கிறோம். கேள்வி நேரத்தைத்தான் விட்டுவிட்டோம்.

2017 நினைவிருக்கிறதா? ஜனவரியில் ஜல்லிக்கட்டுக்காகத் தமிழ்நாடே தெருவில் உட்கார்ந்தது. வாடிவாசல்கள் நிறைந்த இந்த மாவட்டம் சும்மா இருக்குமா? பிப்ரவரியில் ஹைட்ரோகார்பன் திட்டத்துக்கு எதிராக எங்கள் மாவட்டத்து நெடுவாசல் கிராமம் எழுந்தது. எங்கள் அண்ணன்களும் அக்காக்களும் பஸ் ஏறிப் போய்ப் பந்தலில் உட்கார்ந்தார்கள். கைபேசி வெளிச்சம், கோஷம், ஊர்க்காரர்கள் போட்ட சாப்பாடு எல்லாம் அவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். திரும்பி வந்து கல்லூரிக் குழாயில் தண்ணீர் வராததைக் கேட்க அவர்களுக்கு ஓர் இடம் இருந்ததா? போராட்டம் கூட்டத்தைக் கூட்டும், கலைந்ததும் அதன் குறிப்பேட்டை யாரிடம் கேட்பது என்று தெரியாது. அந்தப் போராட்டங்களைக் குறைத்துச் சொல்லவில்லை. அவற்றில் கலந்துகொண்டவர்களுக்குக் கல்லூரிக்குள் ஒரு குறிப்பேடு இல்லாமல் போனதைச் சொல்கிறோம்.

தேர்தல் என்றதும் முதல்வர் அறைகளில் எழும் அச்சம் எங்களுக்குத் தெரியாததல்ல. அடிதடி வரும், கட்சி வரும், சாதி வரும். மூன்றையும் தனித்தனியே பார்க்கலாம்.

அடிதடிக்குச் சென்னையைக் காட்டுவார்கள். மாணவர்கள் பஸ்ஸைப் பிடித்துக் கொண்டாடும் பஸ் டே, பஸ் வழித்தடத்துக்குத் தலைவனாகும் ரூட் தல என்று செய்தி வராத ஆண்டு குறைவு. எங்கள் பார்வையில் அது தேர்தலால் வந்த நோய் அல்ல. வாக்குப்பெட்டி இல்லாத இடத்தில் தலைவனைப் பஸ் கூரைமேல் ஏறி நிற்கும் துணிச்சல் தீர்மானிக்கிறது. கட்சியைப் பொறுத்தவரை, ஒரு மாணவர் எந்தச் சங்கத்திலும் உறுப்பினராக இருக்கலாம், அது அவர் உரிமை. கட்சிப் பணம், கொடி, சின்னம், தலைவர் படம் மட்டும் வாக்கெடுப்புக்குள் வரக்கூடாது. வேட்பாளருக்கு 5,000 ரூபாய் வரை செலவை லிங்டோ குழு அனுமதித்தது. அச்சடித்த சுவரொட்டி கூடாது, கையால் எழுதியது மட்டும் என்றது. எங்களுக்கு அந்த ஐயாயிரமும் அதிகம். நூறு நாள் வேலைக்குப் போகும் அம்மாவின் பிள்ளை அவ்வளவு பணத்துக்கு எங்கே போவார்? எங்கள் தேர்தலில் வேட்பாளர் செலவு பூஜ்யம். ஒவ்வொரு வகுப்பிலும் பேச ஆளுக்கு ஐந்து நிமிடம், அறிவிப்புப் பலகையில் ஒரே அளவுத் தாள். அவ்வளவுதான்.

சாதிதான் கடினம். வேங்கைவயல் எங்கள் மாவட்டத்தில் இருக்கிறது. 2022 டிசம்பரில் அங்கே தலித் மக்கள் குடிக்கும் தண்ணீர்த் தொட்டியில் மலம் கலந்திருந்தது. கையில் கட்டும் கயிற்றின் நிறத்தைப் பார்த்துப் பெஞ்சு பிரியும் வகுப்புகளை நாங்கள் அறிவோம். வாக்குச்சீட்டு வைத்தால் அந்தப் பிரிவு மறையாது, எண்ணிக்கையாக வெளியே தெரியும் என்று ஓர் ஆசிரியர் எச்சரித்தார். அவர் சொன்னதை ஒதுக்கிவிட முடியாது. இப்போது நியமனத்தில் அது இல்லையா என்பதுதான் எங்கள் பதில் கேள்வி. ஆகவே தலைவர் பதவியைச் சுழற்சியில் வைக்கிறோம். உள்ளாட்சியில் உள்ளதுபோல ஓர் ஆண்டு பட்டியல் சாதி மாணவிக்கு, ஓர் ஆண்டு பெண்களுக்கு, ஓர் ஆண்டு பொதுவில். இருபாலர் வகுப்பு ஒவ்வொன்றிலும் இரண்டு ரெப்கள், ஒருவர் கட்டாயம் மாணவி. மாணவிகள் முன்வர மாட்டார்கள் என்று சொல்கிறவர்களுக்கு 1990களின் தொடக்கத்து அறிவொளி எழுத்தறிவு இயக்கத்தைச் சொல்லுவோம். ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்த காலம் அது. சேலையை வரிந்துகட்டிக்கொண்டு ஆயிரக்கணக்கில் சைக்கிள் பழகிய பெண்கள் இந்த மாவட்டத்தின் பாட்டிமார்தான்.

பேரவை எப்படி நடக்கும் என்பதை இப்போது விரித்துச் சொல்கிறோம். கொள்கையில் யாரும் சண்டைக்கு வருவதில்லை, நடைமுறையில்தான் வருவார்கள்.

எல்லாவற்றுக்கும் அடி வகுப்புக் கூட்டம். மாதம் ஒருமுறை, ஒரு மணி நேரம், டைம் டேபிளுக்குள்ளேயே. மாலையில் வைத்துக்கொள்ளலாமே என்று சொல்லும் நிர்வாகம் எங்களை அறியாத நிர்வாகம். கடைசி மணி அடித்ததும் நாங்கள் பஸ் நிலையத்துக்கு ஓடுகிறவர்கள். மணமேல்குடிக்கும் பொன்னமராவதிக்கும் கறம்பக்குடிக்கும் போக வேண்டும். இறங்கிய இடத்திலிருந்து உள்ளூருக்கு வேறு வண்டி பிடிக்க வேண்டும். மாலைக் கூட்டம் என்றால் டவுன் பையன்களின் கூட்டம் என்று அர்த்தம், பைக் வைத்திருப்பவர்களின் பேரவை என்று அர்த்தம். வகுப்பு நேரத்துக்குள் நடத்தாத எந்தக் கூட்டத்தின் தீர்மானமும் எங்களைக் கட்டுப்படுத்தாது.

ஒரு வகுப்பில் வாக்கெடுப்பை நடத்தியே பார்த்தோம். பழைய இன்டர்னல் தாள்களின் வெற்றுப் பக்கத்தைக் கிழித்துச் சீட்டு, மூடியில் கீறல் போட்ட ஷூ பெட்டி, கரும்பலகையில் சாக்பீஸ் கோடு. நான்கு கோடு, குறுக்கே ஒன்று. எண்ணும்போது ஒரு சீட்டில் நடிகர் பெயர். அது செல்லாது என்பதில் தகராறு இல்லை. அடுத்துச் சில சீட்டுகளில் ‘சோடாபுட்டி’ என்று ஒரு பட்டப்பெயர் வந்தது. யாரைச் சொல்கிறது என்று வகுப்புக்கே தெரியும். செல்லுமா? செல்லும் என்று பாதிப் பேர், செல்லாது என்று பாதிப் பேர். அந்தச் சீட்டுகளைச் சேர்த்தால் அவர் ஜெயிக்கிறார். எழுதப்பட்ட விதி இல்லாததால் கத்தல்தான் விதியாக இருந்தது. கடைசியில் சோடாபுட்டி அண்ணனே எழுந்து, என் பெயரில் விழாத ஓட்டு எனக்கு வேண்டாம் என்றார். அவருடைய பெருந்தன்மையை நம்பி ஓர் அமைப்பை நடத்த முடியாது. ஆகவே: வேட்பாளர் பெயரை முன்கூட்டியே எழுதிய சீட்டு, எண்ணுவதற்கு வேறு வகுப்பிலிருந்து ஆள், ஆட்சேபணைக்கு ஒரு நாள் அவகாசம்.

தேர்தலை நடத்துவது மாணவர்களே அமைக்கும் தேர்தல் குழு. டெல்லி ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் அப்படித்தான். அங்கே தலைவர் வேட்பாளர்கள் வாக்குப்பதிவுக்கு முன் எல்லோர் முன்னிலையிலும் விவாதம் செய்து, கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும். லிங்டோ விதிகளை மீறியதாக 2008இல் அங்கே தேர்தல் நிறுத்தப்பட்டு, 2012இல்தான் மீண்டும் நடந்தது என்பதையும் மறைக்கவில்லை.

வகுப்பு ரெப்கள் எல்லோரும் சேர்ந்தது பேரவை. தலைவர், செயலாளர், பொருளாளர் ஆகியோரை மாணவர்கள் நேரடியாகத் தேர்ந்தெடுப்பார்கள். ஆண்டு மலரின் ஆசிரியரையும் அப்படியே. கேரளக் கல்லூரிகளில் மலர் ஆசிரியர் பதவிக்குத் தேர்தல் நடக்கிறது. இங்கே மலரின் முதல் பத்துப் பக்கங்களில் யார் படம் வரும் என்பது எல்லோருக்கும் தெரியும். இரண்டு ஷிப்ட் உள்ள கல்லூரியில் செயலாளர் ஒரு ஷிப்ட், இணைச்செயலாளர் மறு ஷிப்ட். மாதம் ஒருமுறை முதல்வருடன் கேள்வி நேரம். கேள்விகள் மூன்று நாள் முன்பே எழுத்தில் போகும். பதில் பதினைந்து வேலை நாட்களுக்குள் எழுத்தில் வர வேண்டும். ‘பார்க்கலாம்’ என்பது பதில் ஆகாது. ‘முடியாது, காரணம் இது’ என்பது பதில். அதை மதிப்போம். ஒரு ரெப் சரியில்லை என்றால் வகுப்பில் மூன்றில் ஒரு பங்கினர் கையெழுத்திட்டு மறு வாக்கெடுப்பு கேட்கலாம்.

பரீட்சைத் தேதி, மறுமதிப்பீட்டுக் கட்டணம் போன்றவை தன்னாட்சி பெறாத கலை அறிவியல் கல்லூரிகளின் கையில் இல்லை. பாரதிதாசன் பல்கலைக்கழகம் முடிவு செய்கிறது. திருச்சிக்குப் போகிற பஸ்ஸில் அதன் வளாகமான பல்கலைப்பேரூர் வழியில்தான் வருகிறது; உள்ளே எங்கள் குரல் இறங்குவதில்லை. கேரளத்தில் ஒவ்வொரு கல்லூரியும் பல்கலைக்கழகத்துக்கு உறுப்பினர்களைத் தேர்ந்து அனுப்புகிறது, அவர்கள் கூடிப் பல்கலைக்கழக யூனியனைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அதே ஏற்பாட்டை இங்கேயும் கோருவோம். அது இந்த மாவட்டம் மட்டும் நின்று பெறக்கூடியது அல்ல; தஞ்சை, திருவாரூர், கரூர் மாணவர்களுக்குக் கடிதம் எழுதுவோம்.

அடுத்தது பணம். சிறப்புக் கட்டணம் என்று விளையாட்டு, மலர், நூலகம் எனப் பெயர் போட்டு எங்களிடம் வாங்குகிறார்கள். எவ்வளவு வந்தது, எவ்வளவு போனது என்பதைப் பருவத்துக்கு ஒருமுறை அறிவிப்புப் பலகையில் ஒட்ட வேண்டும். அரசுக் கல்லூரியில் ஒட்டவில்லை என்றால் 2005ஆம் ஆண்டு தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. பத்து ரூபாய் கோர்ட்டு ஸ்டாம்ப், முப்பது நாள். பேரவையின் சொந்தக் காசுக்கும் இதே விதி. இலங்கைப் பல்கலைக்கழகங்களின் மாணவர் சங்கங்களில் ஆசிரியர் ஒருவர் பெரும் பொருளாளராக இருப்பார், மாணவப் பொருளாளர் அவரோடு சேர்ந்து கணக்கைப் பார்ப்பார். யாழ்ப்பாணத்து மாணவர்களுக்குப் பழகிய அந்த முறையை எடுத்துக்கொள்கிறோம்: இரண்டு கையெழுத்து இல்லாமல் ஒரு ரூபாயும் வெளியே போகாது.

உத்திரமேரூர்க் கல்வெட்டைச் சொல்லாமல் தமிழில் தேர்தலைப் பற்றி எழுத முடியாதுபோல. நாங்களும் சொல்லிவிடுகிறோம், ஆனால் குடவோலைக்காக அல்ல. பராந்தக சோழன் காலத்து, 919, 921ஆம் ஆண்டுகளின் அந்த விதிகளில், வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மறுபடி நிற்க முடியாது. அவர் உறவினரும் நிற்க முடியாது. நிலம் உள்ள, வேதம் கற்ற ஆண்களுக்கு மட்டுமான சபை அது. எங்கள் வகுப்பில் முக்கால்வாசிப் பேரை உள்ளேயே விட்டிருக்க மாட்டார்கள். கணக்கு விதியை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதைக் கல்லிலேயே விட்டுவிடுகிறோம்.

வேட்பாளர் தகுதியில் லிங்டோ குழுவோடு எங்களுக்கு மூன்று இடத்தில் உடன்பாடில்லை. போட்டியிடும் ஆண்டில் அரியர் இருக்கக்கூடாது, வருகை 75 சதவீதம் வேண்டும் என்கிறது அது. தமிழ்வழியில் படித்து வந்து முதல் பருவத்திலேயே ஆங்கிலத் தாளில் விழுந்தவர்கள் எங்களில் ஏராளம். இரவு ஓட்டலில் பரிமாறிவிட்டு முதல் மணிக்கு வர முடியாதவர்கள் இருக்கிறார்கள், அறுவடைக்கு வீட்டில் நிறுத்திக்கொண்டவர்கள் இருக்கிறார்கள். கல்லூரியிடம் கேட்க அதிகம் இருப்பது இவர்களுக்குத்தான். அரியர் உள்ளவர் எம்.எல்.ஏ. ஆகலாம், ரெப் ஆகக்கூடாதா? ஒழுங்கு நடவடிக்கைக்கு உள்ளானவர் நிற்கக்கூடாது என்ற விதியும் அப்படியே. மெமோ கொடுப்பவர் கையில் வேட்பாளர் பட்டியலைக் கொடுப்பதற்குச் சமம் அது. விசாரணை நடந்து, மாணவர் தரப்பும் கேட்கப்பட்ட பிறகான தண்டனையை மட்டும் ஏற்போம். ஒருவர் நிர்வாகப் பதவிக்கு ஒருமுறைதான் நிற்கலாம் என்ற விதி எங்களுக்குப் பிடித்திருக்கிறது. நிரந்தர மாணவர் தலைவர்களைப் பார்த்துவிட்டோம்.

இந்தக் கோரிக்கை உலகத்துக்குப் பழையது. நடுக்காலப் போலோனாவில் பல்கலைக்கழகத் தலைவரையே மாணவர்கள் தேர்ந்தெடுத்தார்கள். அர்ஜென்டினாவின் கோர்தோபாவில் 1918 ஜூனில் மாணவர்கள் இப்படி ஒரு பிரகடனம் எழுதினார்கள். நிர்வாகத்தில் மாணவருக்கும் இடம் என்ற ஏற்பாடு அங்கிருந்து லத்தீன் அமெரிக்கா முழுக்கப் பரவியது. நாங்கள் அவ்வளவுகூடக் கேட்கவில்லை.

இந்த இயக்கம் வேலைநிறுத்தத்தில் தொடங்காது. வகுப்பு நடக்கும், பரீட்சை எழுதுவோம். ஆசிரியர்கள் எங்களுக்கு எதிரிகள் அல்லர். சொற்ப ஊதியத்தில் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படுமா என்று காத்திருக்கும் கௌரவ விரிவுரையாளர்களுக்கும் கேள்வி கேட்க இடமில்லை என்பது எங்களுக்குத் தெரியும். நிர்வாகம் தேர்தல் நடத்தும்வரை காத்திருக்கவும் போவதில்லை. அடுத்த பருவம் தொடங்கும் ஆறு வாரத்துக்குள் ஒவ்வொரு வகுப்பும் தானே வாக்கெடுப்பு நடத்தித் தன் இரண்டு ரெப்களைத் தேர்ந்தெடுக்கும். முடிவைத் துறைத்தலைவரிடம் எழுத்தில் கொடுக்கும், நகலில் பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்கும். கையெழுத்துப் போட மறுத்தால் விரைவுத் தபாலில் அனுப்பும்.

அப்படித் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் கூடும் நாள்தான் முதல் பொதுக்குழு. இந்த இயக்கத்துக்கு நாங்கள் இன்னும் பெயர் வைக்கவில்லை. தேர்ந்தெடுக்கப்படாத எங்களுக்கு அந்த அதிகாரம் இல்லை. பொருள் 1: பெயர். பொருள் 2: இந்தப் பிரகடனத்தை வரி வரியாகப் படித்துத் திருத்துவது. பொருள் 3: இதை அச்சடித்த செலவுக் கணக்கு. வருகிறவர்கள் அடையாள அட்டையும், தங்கள் வகுப்பு எண்ணிக்கைத் தாளும் கொண்டுவர வேண்டும். பகல் பதினொன்றுக்குத் தொடங்கி மூன்று மணிக்குள் முடித்துவிடுவோம், மீமிசல் பஸ்ஸைப் பிடிக்க வேண்டியவர்கள் இருக்கிறார்கள்.